மைக்குக்கு எட்டாத ஸ்வரம்

எங்கள் பெரியப்பா ஒரு வேட்டி எடுக்கப் பாண்டி பஜாரில் நாலு கடை ஏறி இறங்குவார். பாட்டு கேட்கும் சாதனம் என்றால் மட்டும் விலையைக் கடைசியாகத்தான் விசாரிப்பார். ஆழ்வார்பேட்டையில் கஸ்தூரி ரங்கா சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் கூட்டுக்குடும்பம். கூடத்தில் பாதி இடம் அவருடைய சாமான்களுக்கு: வால்வு ரேடியோ, டேப்ரெக்கார்டர், கேசட் டெக், அதற்கெல்லாம் தைத்துப் போட்ட துணி உறைகள். "சங்கீதத்துக்குச் செலவழிச்ச காசு எங்கேயும் போகாது" என்பார். "போகலேன்னா எங்கே இருக்குன்னு காட்டுங்கோ" என்பார் பெரியம்மா.

இருவரும் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. வாக்குவாதம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் லட்ச ரூபாயைத் தாண்டிய ஒரு கையடக்க மியூசிக் பிளேயரை வாங்கியிருக்கிறான். போன் பேச முடியாது, படம் எடுக்க முடியாது, பாட்டு மட்டும்தான் பாடும். போனே செய்துவிடும் வேலைக்கு லட்சமா என்று அண்ணி கேட்கிறாள். பெரியப்பா இருந்திருந்தால் சரிதான் என்றிருப்பார் என்று அவன் சொல்கிறான். நடுவில் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கூடத்தில் வளர்ந்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கையடக்கப் பெட்டி சோனி வாக்மேன். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியப்பா பிடிவாதமாகப் பணம் கொடுத்துவிட்டார். நீலமும் வெள்ளியுமாக டிபிஎஸ்-எல்2 என்ற அந்த முதல் மாடல் 1979 ஜூலையில் ஜப்பானில் 33,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. அதில் ரெக்கார்டு செய்ய முடியாது, ஸ்பீக்கர் கிடையாது. இவ்வளவு இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு விலையா என்று அன்றைக்கும் உலகம் முழுக்கக் கேட்டார்கள். எங்கள் கூடத்திலும் கேட்டார்கள்.

அந்த மாடலில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் உண்டு. கூட ஒருவர் இருக்கும்போது தான் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகிவிடுமோ என்று சோனியின் அகியோ மொரிட்டாவுக்குத் தயக்கமாம், அதனால்தான் இரண்டு. அந்த இரண்டாவது துளைதான் எனக்குக் கிடைத்த சங்கீதப் பள்ளிக்கூடம். சாயங்காலம் வாசல் திண்ணையில் பெரியப்பா ஒரு ஹெட்போன், நான் ஒரு ஹெட்போன். பேச முடியாது. ஆதி தாளம் என்றால் என் முழங்காலில் தட்டுவார், விரல் எண்ணுவார், திருப்புவார். பாடகர் நிரவல் எங்கே எடுக்கிறார், ஸ்வரம் எங்கே வந்து விழுகிறது என்பதெல்லாம் முழங்கால் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. தெருவில் போகிறவர்களுக்கு இரண்டு பேரும் பஞ்சுக் காதோடு பைத்தியம் மாதிரி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியிருக்கும்.

வாக்மேனுக்கு இரண்டு பென்சில் செல் வேண்டும். செல் தீரத் தீர மோட்டார் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அதில் சுமார் ஆறு சதவீதம் குறைந்தால் அரைக் கட்டை போய்விடும். ஒன்றரைக் கட்டையில் ஆரம்பித்த பாகவதர் பல்லவிக்கு வரும்போது ஒரு கட்டைக்கு வந்திருப்பார். "வித்வானுக்குப் பசிக்கிறது, செல் மாத்து" என்பார் பெரியப்பா. காதில் கேட்பது அப்படியே நடந்ததுதான் என்று நம்பக்கூடாது, நடுவில் ஒரு இயந்திரம் இருக்கிறது என்ற எச்சரிக்கை எனக்கு அந்த வயதிலேயே வந்துவிட்டது.

கேட்கக் கேசட் வேண்டுமே. சங்கீதா, ஏவிஎம், எச்.எம்.வி. கேசட்டுகள் கடையில் கிடைத்தன. ஆனால் பெரியப்பாவின் பெருமை அவர் தானே பதிவு செய்தவற்றில். டிசம்பர் வந்தால் டி.டி.கே. சாலையின் இந்தப் பக்கம் நாரத கான சபா, அந்தக் கோடியில் மியூசிக் அகாடமி. நடந்தே போய்வரலாம். சபாக்களில் பதிவு செய்ய அனுமதி கிடையாது. அங்கவஸ்திரத்துக்கு அடியில் ஒரு சின்ன ரெக்கார்டர், முழங்காலோரம் ஒரு மைக். கல்யாணக் கச்சேரி, கோயில் உற்சவக் கச்சேரி என்றால் இந்த ஒளிவுமறைவு தேவைப்படாது; மேடையோரத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். அந்தக் கேசட்டுகளில் தோடி இருக்கும். கூடவே மின்விசிறி, பின்வரிசை இருமல், "காபி சொல்லியாச்சா?" என்ற மாமியின் குரல், நல்ல சங்கதி விழுந்தால் பெரியப்பாவே மைக்குக்கு மேல் போடும் "பேஷ்" எல்லாம் இருக்கும்.

ஒரு நாள் அவர் செய்த காரியம் இன்னும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. யாரோ கொடுத்த கேசட் ஒன்று. மிருதங்கம் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல மந்தமாக ஒலித்தது. பெட்டி பழசாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டும் என்றார் அப்பா. பெரியப்பா பேசாமல் எழுந்துபோய்க் கடிகாரக்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தார். முதலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டெக்கின் ஹெட்டைத் துடைத்தார். பஞ்சில் பழுப்பாக அழுக்கு ஒட்டியது. பிறகு கேசட்டை ஓடவிட்டு, ஹெட்டின் பக்கத்தில் இருந்த திருகாணியை அரைக்கால் சுற்று திருப்பினார். மந்தம் கூடியது. மறுபக்கம் திருப்பினார். கொஞ்சம் கொஞ்சமாக வலந்தலையின் 'சாப்பு' மேலே வந்தது. அப்புறம் இடந்தலையின் கும்கி தனியாகப் பிரிந்தது. இன்னும் ஒரு மயிரிழை. தம்புராவின் மேல் ரீங்காரம் எங்கிருந்தோ வந்து பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்தது. அவர் கையை எடுத்தார்.

டேப்பில் காந்தப் பதிவு எந்தக் கோணத்தில் விழுந்திருக்கிறதோ, படிக்கும் ஹெட்டும் அதே கோணத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் உச்ச ஒலிகள்தான் முதலில் செத்துப்போகும். அந்தத் திருகாணி சரிசெய்வது இந்தக் கோணத்தைத்தான். செலவு ஒரு சொட்டு ஸ்பிரிட். புதுப் பெட்டிக்கு ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. கிடைத்த பலனோ எந்தப் புதுப் பெட்டியும் தந்திராதது.

பிறகு காலம் வேகமாகப் போய்விட்டது. சிடி வந்தது, எம்பி3 வந்தது. 2001 அக்டோபரில் ஆப்பிள் 399 டாலருக்கு ஐபாடை இறக்கி ஆயிரம் பாட்டு சட்டைப்பைக்குள் என்றது. போன் அதையும் விழுங்கியது. 2022இல் ஐபாடுக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. போனிலிருந்து ஹெட்போன் துளையே மறையத் தொடங்கிய அதே காலத்தில்தான் இன்னொரு பக்கம் மகா விலை பிளேயர்கள் பெருகின. 2016இல் சோனி இரண்டு வாக்மேன்களைச் சேர்த்தே வெளியிட்டது. ஒன்று அலுமினிய உறை, சுமார் 1,200 டாலர். மற்றது செம்பைக் கடைந்து தங்கம் பூசிய உறை, 455 கிராம் கனம், சுமார் 3,200 டாலர். உள்ளே இரண்டுக்கும் ஒரே வகை ஆம்ப்ளிஃபையர். இடைப்பட்ட இரண்டாயிரம் டாலரின் பெரும்பகுதி உறைக்கும் உள்கம்பிகளுக்கும் போனது. கனமான செம்பு மின்னோட்டத்துக்கு நல்ல பூமி என்பது அவர்கள் சொல்லும் காரணம். நம் ஊரில் தங்கம் பூசினால் விலை ஏறும் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அண்ணன் மகன் தன் பெட்டியோடு வந்த சனிக்கிழமை, கூடத்தில் ஒரு சோதனை வைத்தோம். யோசனை அவனுடையதுதான். ஒரே இயர்போன்; ஒரு பக்கம் அவனுடைய லட்ச ரூபாய்ப் பிளேயர், மறுபக்கம் என் போனும் அதில் செருகும் விரல் நீள அடாப்டரும். இந்த வகை அடாப்டரை ஆப்பிள் அமெரிக்காவில் ஒன்பது டாலருக்கு விற்றது. அளந்து பார்த்த பொறியாளர்கள் அதன் சுத்தத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டார்கள். பையன் மல்டிமீட்டரும் கொண்டுவந்திருந்தான். இரண்டிலும் ஒரே சுருதியை ஒலிக்கவிட்டு, மின்னழுத்தம் சமமாகும்வரை வால்யூமைச் சரிசெய்தான். இது முக்கியம். இரண்டில் ஒன்று துளி சத்தமாக இருந்தாலும் காது அதைச் சத்தம் என்று சொல்லாது. தெளிவு என்று சொல்லும், ஆழம் என்று சொல்லும். கடையில் வைத்துக் காட்டும்போது விலை உயர்ந்தது ஜெயிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

"கண்ணை மூடிக்கோ அத்தை" என்றான். மாற்றி மாற்றிச் செருகினான். பெரியப்பாவின் பழைய கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றிய கச்சேரியில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஸ்டூடியோவில் பதிந்த புதிய வீணைத் தட்டில் இதுதான் அது என்று சில தடவை சொன்னேன். சரியாகவும் இருந்தது, தப்பாகவும் இருந்தது, காசு சுண்டியது போல. பிறகு அவன் கண்ணை மூடினான், நான் மாற்றினேன். அவனுக்கும் அதே கதி. அவன் சிரித்துக்கொண்டே, "கண்ணைத் திறந்தா தெரியறது அத்தை" என்றான்.

இது எங்கள் இருவர் காதின் கதை மட்டும் அல்ல. மனிதக் காதின் எல்லை விநாடிக்கு 20,000 அதிர்வு. அறுபதை நெருங்கும்போது 12,000க்கு மேல் கேட்பதே அபூர்வம். 1982இல் வந்த சிடியே விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிகிறது. 22,050 அதிர்வு வரை அதில் அடங்கிவிடும். அதற்கும் மேல் 96,000, 1,92,000 என்று அளக்கும் 'ஹை-ரெஸ்' பதிவுகளைக் காட்டித்தான் மகா விலைப் பிளேயர்கள் விற்கின்றன. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஹை-ரெஸ் ஒலியை நேராகவும், நடுவில் சிடி தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முயற்சியில் 276 சரி. அதாவது பாதி. 2016இல் ஜோஷுவா ரீஸ் என்ற பேராசிரியர் பல ஆய்வுகளின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முயற்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில் 52.3 சதவீதம் சரியாக இருந்தது. ஏதோ ஒரு நூல் வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நூலுக்கு ஒரு லட்சமா என்பதுதான் கேள்வி.

பாடகர் நீல் யங் இதே நம்பிக்கையில் போனோ என்ற முக்கோணப் பிளேயரை 399 டாலருக்குக் கொண்டுவந்தார். 2014இல் ரசிகர்களிடம் முன்பணமாகவே அறுபது லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. மூன்றே வருடத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். பாடத் தெரிந்தவர் சொன்னாலும் பெட்டி நிற்கவில்லை.

கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு கணக்கு உண்டு. நாம் உயிராக மதிக்கும் கச்சேரிகளில் பெரும்பாலானவை வானொலிப் பதிவு, கல்யாணப் பதிவு, யாரோ ஒரு ரசிகரின் மடிப் பதிவு. அந்த மைக் உச்ச ஒலியைப் பாதியில் விட்டிருக்கும், நாடா மீதியில் பாதியை விட்டிருக்கும். மைக்குக்கு எட்டாத ஸ்வரத்தை எந்தப் பிளேயரும் எட்டிப் பிடித்துக் கொடுக்காது. நல்ல பெட்டி செய்வதெல்லாம், இருக்கும் மின்விசிறியை இன்னும் நேர்மையாக ஓட்டிக் காட்டுவதுதான்.

ஆனால் இயர்போன் விஷயம் வேறு. அங்கே காசுக்குப் பலன் உண்டு. கண்ணை மூடினாலும் தெரியும். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஜீவா என்று ஒரு நூல் வைப்பார்கள். அதை மயிரிழை நகர்த்தினால் தந்தி திறந்துகொண்டு ரீங்காரமிடும். போனோடு வந்த இலவச இயர்போனில் தம்புரா ஒரு மங்கலான 'ம்ம்' தான். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, காதுக்குள் சரியாக உட்காரும் கம்பி இயர்போன் ஒன்று வாங்கிப் போட்டதும், ஜீவா பிடித்த தம்புரா எது, பிடிக்காதது எது என்று என்னால் சொல்ல முடிந்தது. இன்னொரு லாபமும் உண்டு. எங்கள் பக்கம் ஆழ்வார்பேட்டை மேம்பாலத்துக்கடியில் ஹாரன், பாரதிதாசன் சாலைப் பக்கம் மெட்ரோ தோண்டும் சத்தம். காதை நன்றாக அடைக்கும் ஒரு ரப்பர் குமிழ் அந்த இரைச்சலைக் குறைப்பதால் தெருவில் நடக்கும்போது கிடைக்கும் தெளிவை எந்தப் பிளேயருக்குள்ளும் வைத்து விற்க முடியாது.

லட்ச ரூபாய்ப் பெட்டிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 300 ஓம் தடை உள்ள பெரிய ஹெட்போனைப் போன் சரியாகத் தள்ளாது. அதற்கு வலு வேண்டும். மிக நுட்பமான இயர்போனை மட்டமான பெட்டியில் செருகினால் பாட்டு தொடங்குவதற்கு முன்பே 'உஸ்' கேட்கும். இந்த இரண்டையும் நல்ல பெட்டி தீர்க்கும். ஆனால் பத்து, பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டிகளிலேயே இவற்றைச் சரியாகச் செய்பவை வந்துவிட்டன. அதற்கு மேல் போகப் போக நாம் கொடுப்பது உறைக்கு, திரைக்கு, கையில் பிடிக்கும் கனத்துக்கு, வைத்திருக்கிறோம் என்ற திருப்திக்கு. திருப்தி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சத்தத்தின் கணக்கில் எழுதக்கூடாது, அவ்வளவுதான்.

பெட்டியின் வயதும் ஒரு பிரச்சினை. பெரியப்பாவின் வாக்மேனுக்குப் புது பெல்ட் போட்டால் இன்றைக்கும் ஓடுகிறது. அண்ணன் மகனின் பெட்டி உள்ளே ஒரு போன் மாதிரிதான். சில வருடத்தில் பேட்டரி ஊதும் அல்லது சார்ஜ் நிற்காது, மென்பொருள் பழசாகும், பாட்டு ஆப்புகள் 'இனி இதில் இயங்கமாட்டேன்' என்று சொல்லும். தங்க முலாம் அப்படியே இருக்கும், பாட்டு நின்றிருக்கும். நல்ல கம்பி இயர்போனோ பார்த்துவைத்துக்கொண்டால் பெட்டிகள் பல மாறினாலும் கூடவே வரும்.

அன்று சோதனை முடிந்ததும் அவன் ஒன்று சொன்னான். "போன்ல கேட்டா தனி ஆவர்த்தனத்துக்கு நடுவுல ஆபீஸ் வந்துடறது அத்தை. இதுல யாரும் என்னைக் கூப்பிட முடியாது." இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. விஸ்தாரமான ஆலாபனையை ஒரே மூச்சில் கேட்க விடாத பெட்டி எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன? கேட்பதற்கென்றே ஒரு பெட்டி வேண்டும் என்பதை நான் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அதற்கு லட்சம் வேண்டாம் என்பது மட்டுமே என் கட்சி. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய போனிலிருந்து சிம்மை எடுத்துவிட்டு, வைஃபையை அணைத்து, பாட்டை மட்டும் ஏற்றினாலும் அதே நிம்மதி.

மியூசிக் அகாடமி வளாகத்தில் 'டேக்' டிஜிட்டல் காப்பகம் என்று ஒன்று அமைத்தார்கள். தொடுதிரைக்கு முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஆயிரக்கணக்கான மணிநேரப் பழைய கச்சேரிகள் கேட்கும். அங்கே பெட்டியும் ஹெட்போனும் சாதாரணமானவை. காசும் உழைப்பும் பதிவுகளைத் தேடிச் சேர்த்து, சுத்தம் செய்து, எண்முறைக்கு மாற்றுவதில் போயிருக்கின்றன. செலவின் வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. முதலில் பதிவு, அப்புறம் காதில் மாட்டுவது, கடைசியில் பெட்டி. கடைகளில் அது தலைகீழாக அடுக்கப்பட்டிருக்கிறது.

போன மாதம் அவன் போன் செய்து, புது மாடல் வந்திருக்கிறது, பழசைக் கொடுத்துவிட்டு மேலே கொஞ்சம் போட்டால் போதும் என்றான். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். பெரியப்பா டேப்ரெக்கார்டரில் பதிந்த ஸ்பூல்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. மெட்ராஸ் ஈரக்காற்றில் சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. நல்ல மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற ஆகும் செலவைச் சொன்னேன். புது மாடலுக்கு மேலே போட வேண்டியதை விடக் குறைவு. வேகம் பிசகிய பதிவுகளின் சுருதியைத் திருத்த ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். கூட ஒரு சுருதிப் பெட்டியும் நம் காதும் இருந்தால் ஒன்றரைக் கட்டைக்காரரை ஒன்றரைக் கட்டையிலேயே உட்காரவைத்துவிடலாம்.

முதல் தவணை ஸ்பூல்கள் போய்த் திரும்பி வந்துவிட்டன. பல அட்டைகளில் ராகமும் தேதியும் மட்டும் எழுதியிருக்கிறார், பாடியவர் பெயர் இல்லை. அவருக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே பட்டிருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அங்கேயும் நான் இங்கேயும் கேட்டு, குரலை வைத்தும் சங்கதியை வைத்தும் ஆளைக் கண்டுபிடிக்கிறோம். அவன் லட்ச ரூபாய்ப் பெட்டியில் கேட்கிறான், நான் அடாப்டரில் கேட்கிறேன். இதுவரை ஆளுக்குப் பாதி சரி.